கண்விழியாத கணினி

கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருணாகல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே கலகெதர என்னும் சிற்றூர் இருக்கின்றது. மலைநாடு தாழ்நிலத்துக்கு இறங்கும் வாயில்களுள் அதுவும் ஒன்று. சாலையோரம் கடைகள், கடைகளுக்குப் பின்னே மிளகும் கராம்பும் பலாவும் செறிந்த தோட்டங்கள். தமிழும் சிங்களமும் அங்கே ஒரே தேநீர்க் கடையில் அருகருகே இருந்து பேசும்.

அவ்வூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலே நான் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் தமிழறைக்கு அண்மையில் ஒரு கணினி வந்தது. வந்தது என்பதிலும் பிறந்தது என்பதே பொருந்தும். கடையிலே முழுதாக வாங்கிய இயந்திரம் அன்று அது. பெட்டி ஓரிடம், தாய்ப்பலகை ஓரிடம், நினைவகம் ஓரிடம், மின் வழங்கி ஓரிடம் என்று உறுப்புறுப்பாக வாங்கி, எங்கள் பழைய மாணவன் ஒருவன் தன் கையாலே பொருத்தித் தந்தான். பணம், பழைய மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சேர்த்தது. கூலி என்று அவன் ஒரு சதமும் வாங்கவில்லை.

மாணவர் ஆண்டிதழுக்காகப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளையும் கதைகளையும் அதிலே பதிந்தோம். 2005ஆம் ஆண்டு தொடங்கி ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவிலே தொகுத்துவரும் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தை அதன் திரையிலே திறந்து, நான் இளமையில் எங்கெங்கோ அலைந்து தேடிய நூல்களைப் பிள்ளைகளுக்கு இருந்த இடத்திலே காட்டினேன்.

பத்து நாள் அது பழுதின்றி இயங்கிற்று. பதினோராம் நாட் காலை பொத்தானை அழுத்தினேன். கணினி கண் விழிக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். பயன் இல்லை.

நாற்பது பிள்ளைகளின் எழுத்து அதற்குள்ளே இருந்தது. அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாளே. பிள்ளைகளிற் பலர் கைப்பிரதியை எறிந்துவிட்டிருந்தனர். "கணினியில் இருக்கிறதே, இனி எதற்கு?" என்று அவர்களுக்குச் சொன்னவனும் நானே.

ஆசிரியர் அறையிலே அன்று தீர்ப்புகள் பல பிறந்தன. "மாலையில் இடித்ததே, மின்னல் தாக்கியிருக்கும்" என்றார் ஒருவர். "மலிவுச் சாமான், வேறென்ன?" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "பையன் பழைய உறுப்பைப் போட்டுவிட்டானோ?" என்றார். அச்சொல் என் நெஞ்சிலே தைத்தது. ஆயினும் நான் அதை மறுக்கவில்லை. மாறாக, மின் வழங்கி விற்ற கடைக்கு ஒரு கண்டனக் கடிதம் வரையத் தொடங்கினேன். அதன் முதல் வாக்கியம் மிக அழகாக அமைந்திருந்தது. நோய் இன்னதென்று அறியாமுன் எழுதிய வாக்கியம் அது.

அந்தக் கடிதத்தை நான் ஏன் அனுப்பவில்லை என்பதே இக்கட்டுரை.

'ஒன்றும் நடக்கவில்லை'

மாணவனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சேர், பொத்தானை அழுத்தியதும் என்ன நடந்தது?"

"ஒன்றும் நடக்கவில்லை, தம்பி."

"ஒன்றுமே இல்லையா? உள்ளே விசிறி சற்றும் அசையவில்லையா?"

எனக்கு விடை தெரியவில்லை. நான் பார்த்தது திரையை. விசிறியைப் பார்க்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பது நான் கண்ட காட்சியன்று. என் ஏமாற்றத்துக்கு நான் இட்ட பெயர். காட்சி, அனுமானம், உரை என்று அளவைகளை வகுத்து ஆண்டுதோறும் பாடம் சொல்பவன் நான். முதல் அளவையிலேயே வழுக்கி விழுந்தேன்.

அவன் வரிசையாகச் சொன்னான், நான் செய்தேன். கணினியின் செருகியைக் கழற்றி, அதே இடத்தில் மேசை விளக்கைச் செருகினேன். விளக்கு எரிந்தது. ஆகவே சுவரிலே பழுதில்லை. திரைக்குச் செல்லும் மின்கம்பியும் கணினிக்குச் செல்லும் மின்கம்பியும் ஒரே அமைப்பின. இரண்டையும் இடம் மாற்றினேன். திரையின் சிறுவிளக்கு எரிந்தது. ஆகவே கம்பியிலே பழுதில்லை. பெட்டியின் பின்புறத்தில் மின் வழங்கிக்கென்று தனியாக ஓர் ஆளி உண்டு. கூட்டும்போது யாரேனும் தட்டி அணைத்திருக்கலாம். அதுவும் திறந்தே இருந்தது. பெட்டியின் பக்கத்துக் கண்ணாடி வழியே தாய்ப்பலகையை நோக்கச் சொன்னான். அங்கே கடுகளவு விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது.

"இனிக் கம்பியைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டு, மறுபடி செருகுங்கள், சேர். விசிறியிலே கண்ணை வைத்துக்கொண்டு ஒரேயொரு முறை அழுத்துங்கள்."

அழுத்தினேன். விசிறி காற்சுற்றுத் துடித்தது, நின்றது. மீண்டும் அழுத்தினேன். அசைவில்லை.

"ஒருமுறை துடித்தது" என்றேன்.

"அப்படியென்றால் நல்லது, சேர். சனிக்கிழமை வருகிறேன். அதுவரைக்கும் யாரும் அழுத்தவேண்டாம். பிள்ளைகளின் எழுத்துக்குப் பயமில்லை. அவை சேமிப்பு வட்டிலே இருக்கின்றன. மின்சாரம் இல்லாவிட்டாலும் அங்கேதான் இருக்கும்."

உடல் கிடந்தாலும் உயிர் எங்கும் போய்விடவில்லை என்று எனக்கு விளங்கும் மொழியிலே அதைப் பெயர்த்துக்கொண்டேன். அன்றிரவு உறக்கம் வந்தது.

பொத்தான் என்னும் தூதன்

சனிக்கிழமை காலை அவன் கண்டியிலிருந்து பஸ்ஸிலே வந்து இறங்கினான். கையில் ஒரு திருப்புளி, ஒரு துண்டுக் கம்பி, ஒரு கடதாசி அட்டை. இவ்வளவே அவன் படைக்கலம். வேலையைத் தொடங்குமுன் எனக்கு ஒரு சிறு பாடம் நடத்தினான். முன்னாளில் நான் அவனுக்கு நடத்தியவற்றிலும் அது தெளிவாக இருந்தது.

மேசைக் கணினியின் பொத்தான், வீட்டு விளக்கின் ஆளி போன்றதன்று. விளக்கின் ஆளி மின்சாரத்தைத் தானே திறந்துவிடும். கணினியின் பொத்தானோ ஒரு தூதன். வேண்டுகோள் மட்டுமே விடுக்கும். 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்புமுறையின் வழக்கம் இது. சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஆடலோட்டம். மின் வழங்கி அதனை 12, 5, 3.3 வோல்ட் நேரோட்டங்களாக மாற்றிக் கொடுக்கின்றது. கணினி உறங்கும்போதும் 5 வோல்ட் கொண்ட ஒரு சிறு ஓட்டம் காவற்காரனாக விழித்திருக்கும். தாய்ப்பலகையில் நான் கண்ட கடுகு விளக்கு அந்தக் காவற்காரன் கையிலிருந்த தீபம்.

பொத்தானை அழுத்தினால் இரண்டு சிறு முளைகள் ஒரு கணம் இணைகின்றன. தாய்ப்பலகை அச்செய்தியைப் பச்சைக் கம்பி வழியாக மின் வழங்கிக்கு அனுப்புகின்றது. மின் வழங்கி எழுந்து, தன் ஓட்டங்கள் சீராக உள்ளனவா என்று தானே சோதித்து, 'எல்லாம் நலம்' என்று விடை சொல்கின்றது. அவ்விடை அரை விநாடிக்குள் வந்துவிடும். அதன் பின்னரே கணினியின் மூளை கண் விழிக்கின்றது.

எங்கேனும் இரு கம்பிகள் தகாதவாறு தொட்டு மின்சாரம் குறுக்கே பாயுமானால், மின் வழங்கி அதனைக் கணத்திலே உணர்ந்து தன்னை அடைத்துக்கொள்ளும். அடைக்காவிட்டால் பலகை கருகும், தீயும் பற்றலாம். விசிறி ஒருமுறை துடித்து நின்றதன் பொருள் இதுவாக இருக்கலாம் என்றான் அவன். "அது சாகவில்லை, சேர். காவல் காக்கிறது."

நான் நோய் என்று எண்ணியது காவல். எவ்வளவு பெரிய வேற்றுமை!

பெட்டிக்கு வெளியே

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம் தொண்ணூற்றைந்தாவது. அதன் பெரும் பகுதி உணவின் அளவைப் பற்றியது. மருத்துவன் தொழில் இறுதியிலே வருகின்றது. நோய் இன்னதென்று தெளிந்து, அது தோன்றிய காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழியைத் தேர்ந்து, அதன் பின்னரே கைவைக்கவேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என நான்கு கூறுடையது என்றும் அவ்வதிகாரம் கூறும். எங்கள் தமிழறையில் நான்கும் இருந்தன. நோயாளி மேசைமேல். மருத்துவன் என் மாணவன். மருந்து இன்னதென்று இன்னும் தெரியவில்லை. அருகிருந்து பணிசெய்வோன் நான், டோர்ச் பிடித்தேன்.

முதலிலே மின்கம்பியைக் கழற்றினான். பொத்தானை ஒருமுறை அழுத்தி, உள்ளே எஞ்சிய மின்சாரத்தை வடியவிட்டான். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுத் தன் உடம்பின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டான். எல்லாவற்றையும் திறந்தவன் மின் வழங்கியின் கூட்டை மட்டும் திறக்கவில்லை. கம்பியைக் கழற்றிய பின்னும் அதனுள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். பழகாதார் அதைத் தொடலாகாது என்றான்.

பின் ஒவ்வோர் ஐயமாகத் தீர்த்தான். பொத்தானின் கம்பியைப் பிடுங்கி, மின்னிணைத்து, அந்த இரு முளைகளையும் திருப்புளி நுனியாலே தொட்டான். விசிறி துடித்து நின்றது. ஆகவே பொத்தான் குற்றமற்றது. மின் வழங்கியைத் தாய்ப்பலகையிலிருந்து பிரித்து, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் தன் துண்டுக் கம்பியாலே இணைத்து மின்சாரம் கொடுத்தான். மின் வழங்கியின் விசிறி நிற்காமற் சுழன்றது. "இதனால் முழுச் சான்று கிடைக்காது, சேர். பாரம் ஏற்றினால் தள்ளாடலாம். ஆனாலும் பெரும்பாலும் நல்லதுதான்" என்றான். நான் கண்டனக் கடிதத்தை நினைத்துக்கொண்டேன்.

மூளைக்குத் தனியே செல்லும் மின்னிணைப்பை அழுத்திப் பார்த்தான். புதிதாகக் கூட்டுவோர் பெரும்பாலும் மறப்பது அதையே என்றான். அது சரியாக இருந்தது. நினைவகத்தைக் கழற்றி மறுபடி பொருத்தினான், மாற்றமில்லை. சேமிப்பு வட்டைக் கழற்றினான், மாற்றமில்லை. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றினான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சோதித்தான். "எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் பூட்டினால் சில வேளை ஓடும், சேர். ஆனால் ஏன் ஓடியது என்று தெரியாது. தெரியாவிட்டால் மறுபடியும் நிற்கும்" என்றான்.

இறுதியிலே தாய்ப்பலகையைப் பெட்டியிலிருந்தே எடுத்து, மேசைமேல் கடதாசி அட்டையை விரித்து, அதன்மேல் கிடத்தினான். மூளை, ஒரு நினைவகத் துண்டு, மின் வழங்கி, திரை. வேறொன்றும் இல்லை. திருப்புளி நுனி இரு முளைகளையும் தொட்டது. விசிறி சுழன்றது, நிற்கவில்லை. திரையிலே எழுத்துத் தோன்றிற்று.

தருக்க நூலார் காரணத்தைத் துணிவதற்கு உடன்பாடு, எதிர்மறை என்னும் இரு முகங்களைக் கூறுவர். எது உள்ளவிடத்துக் காரியம் உண்டோ, எது இல்லாதவிடத்து அது இல்லையோ, அதுவே காரணம். பெட்டிக்குள்ளே பழுது உண்டு. பெட்டிக்கு வெளியே பழுது இல்லை. ஆகவே பழுது பலகையிலும் அன்று, மின் வழங்கியிலும் அன்று. பலகைக்கும் பெட்டிக்கும் இடையிலே இருக்கவேண்டும். சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகத்தை என் மாணவன் படித்தவன் அல்லன். நான் படித்தவன். அதனைக் கையாண்டவன் அவன்.

டோர்ச்சைத் தாழ்த்திப் பிடித்தேன். பலகை தாங்கியிருந்த பித்தளைத் தாங்கி ஒன்றின் அடியிலே ஏதோ மின்னிற்று. ஒரு திருகாணி. என் சுண்டுவிரல் நகத்தின் அளவு. அது பலகையின் கீழ்முகத்துக்கும் பெட்டியின் இரும்புத் தகட்டுக்கும் நடுவே சிக்கி, மின்சாரத்துக்குக் குறுக்குவழி காட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்தான். பலகையை மறுபடி பெட்டியிற் பொருத்தினான். கணினி கண் விழித்தது. நாற்பது பிள்ளைகளின் எழுத்தும் ஓர் எழுத்துக் குறையாமல் அங்கே இருந்தது.

விட்டிலும் குரங்கும்

சிறு பொருள் பெரு இயந்திரத்தை நிறுத்துவது புதிய செய்தி அன்று. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலே மார்க் 2 என்னும் பெருங் கணிப்பொறி பிழைபட்டது. தேடியவர்கள் 70ஆம் இலக்க மின்னாளியிலே சிக்கியிருந்த ஒரு விட்டிற்பூச்சியைக் கண்டனர். அதனை எடுத்து நாட்குறிப்பிலே ஒட்டி, உண்மையாகவே பூச்சி பிடிபட்ட முதற் செய்தி என்று நகைச்சுவையாகக் குறித்தனர். இயந்திரக் குற்றத்தைப் பூச்சி என்று சொல்லும் வழக்கு எடிசன் காலத்திலேயே இருந்தமையால்தான் அந்நகை பிறந்தது. அப்பக்கம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலே உண்டு. நான் அதிலே மெச்சுவது பூச்சியை அன்று. பிழையின் காரணத்தை மறையாமல், இலக்கத்தோடு எழுதிவைத்த நேர்மையை.

நம் நாட்டிலும் ஒன்று நிகழ்ந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிறு முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்றனர். நாடு நகைத்தது. மிளகுத் தோட்டத்துக் குரங்குகளோடு நாள்தோறும் போராடும் எங்களூராரும் நகைத்தனர். ஆனால், ஒரு குரங்கு தொட்டால் ஒரு நாடே ஏன் இருளவேண்டும்? விடுமுறை நாளில் மின்தேவை குறைவு. வெயிலினாற் பெறும் மின்சாரமோ மிகுதி. அதனால் அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை மின்வலைக்குக் குன்றியிருந்தது என்று மின்சார சபையே விளக்கிற்று. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும், 900 மெகாவாட்டும், தம்மைக் காத்துக்கொள்ள அடைத்துக்கொண்டன. அவற்றை எழுப்ப நாட்கள் சென்றன. அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. குரங்கு காரணந்தான். குரங்கோடு நின்றுவிட்டாலோ ஆராய்ச்சி நின்றுவிடும்.

முதலுக்கு முதல்

நாங்களும் திருகாணியோடு நிற்கவில்லை. அத்திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மாணவன் சொன்னான்: "பிழை என்னுடையது, சேர். அன்றைக்கு ஒரு திருகாணி கைதவறி விழுந்தது. தேடினேன், அகப்படவில்லை. வெளியே உருண்டிருக்கும் என்று நினைத்து வேறொன்றைப் போட்டுவிட்டேன். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கவேண்டும்."

யாரும் அவனைக் கேட்கவில்லை. திருகாணியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "ஏதோ இணைப்புத் தளர்ந்திருந்தது" என்று அவன் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

அப்பொழுதுதான் எனக்கும் சில நினைவுக்கு வந்தன. கூட்டும் வேலை நடந்த அன்று மாலை மழை. அறையிலே ஒரே மின்குமிழ். அவன் "மீதியை நாளை பகலிலே செய்கிறேன்" என்றான். மறுநாள் திறப்பு விழாவுக்கு நாள் குறித்திருந்தேன். "இன்றே முடித்துவிடு, தம்பி" என்றேன். பத்து நாள் இயங்கியது பதினோராம் நாள் ஏன் நின்றது? பத்தாம் நாள் மாலை, கூரை ஒழுக்குக்கு அஞ்சி, பெட்டியைச் சாய்த்துத் தூக்கி மறு மேசைக்கு மாற்றியவனும் நான். மூலையிலே உறங்கிய திருகாணி அப்பொழுதே உருண்டது.

நோயின் முதலைத் தேடிப் போனோம். கடையைக் கடந்தோம், மின்னலைக் கடந்தோம், மாணவனிடம் சற்று நின்றோம், என்னிடம் வந்து சேர்ந்தோம்.

நிற்க. இன்னும் ஒன்று சொல்லவேண்டும்.

இவன் பத்தாம் வகுப்பிலே என்னிடம் படித்தவன். நன்றாகப் படித்து வந்தவன், இடையிலே திடீரென நின்றான். கரும்பலகையிலே எழுதியதைப் பிழையாக எழுதுவான், கேட்டால் விழிப்பான். தேர்ச்சி அறிக்கையிலே 'கவனம் இல்லை' என்று எழுதினேன். இரண்டு தவணைக்கும் அதே சொல். கண்டி வைத்தியசாலையிலே யாரோ ஒருவர் அவன் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுத்த பின்னரே, எட்டத்து எழுத்து அவனுக்குத் தெரியவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு அவனை மாற்றிப் பார்த்திருந்தால் போதும், ஒரேயொரு மாற்றம். நான் செய்யவில்லை. 'கவனம் இல்லை' என்ற அந்தச் சொல்லும், 'ஒன்றும் நடக்கவில்லை' என்று நான் தொலைபேசியிலே சொன்னதும் ஒரே இனம். இரண்டும் பாராதவன் சொன்ன சொற்கள்.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது அதை அவனிடம் சொன்னேன். "அது எனக்கு நினைவில்லை, சேர்" என்றான். நினைவுண்டு என்று அவன் முகம் சொல்லிற்று.

பண்டிதனுக்கு ஏன் இந்த இயந்திர வேலை என்று கேட்போர் உளர். விபுலாநந்த அடிகள் 1916ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். 1920ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அவருக்கு இரண்டும் இரண்டாகத் தோன்றவில்லை. நமக்கும் தோன்றவேண்டியதில்லை. உரையாசிரியன் ஏட்டின் பாடபேதத்தை ஆராயும்போது செய்வதும், மாணவன் திருப்புளி கொண்டு செய்ததும் ஒன்றே: கண்டதைக் கண்டவாறு சொல்லுதல், எளிய காரணத்தை முதலில் நோக்குதல், ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றுதல், காரணம் தன் பக்கம் வந்து நின்றாலும் மறையாதிருத்தல்.

ஆண்டிதழ் உரிய நாளிலே அச்சுக்குப் போயிற்று. கடைக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்தேன்; அந்த அழகிய முதல் வாக்கியத்துக்காகச் சிறிது வருந்தினேன். திருகாணி என் மேசை இழுப்பறையிலே, சிவப்பு மைப் பேனாவுக்குப் பக்கத்திலே இருக்கின்றது. தவணை அறிக்கை எழுதும் நாட்களில் இழுப்பறையைத் திறந்தால் முதலிற் கண்ணிற் படுவது அதுவே. பேனாவை எடுக்குமுன், அந்தப் பிள்ளையை ஒரு நாளேனும் முன்வரிசையில் இருத்திப் பார்த்தேனா என்று கேட்டுக்கொள்கிறேன்.